மூன்றாவது ப்ரேக்

இதை எழுதாமல் விட்டுவிடத்தான் இருந்தேன். ஒரு இங்கிலீஷ் வார்த்தையைப் பற்றி, பத்தாவதில் இங்கிலீஷிலேயே ஃபெயிலானவன் எழுதினால் யார் படிப்பார்கள்? என் தமிழும் பிரமாதம் கிடையாது. அம்மா வாங்கும் வாரப் பத்திரிகையில் ஜோக் படிப்பதற்காகக் கற்றுக்கொண்ட எழுத்து அது. இரண்டு தடவை உட்கார்ந்தேன், இரண்டு தடவையும் டீ குடிக்க எழுந்து போய்விட்டேன். மூன்றாவது தடவை டீக்கடை மூடியிருந்தது. அதனால் எழுதுகிறேன்.

வார்த்தை, ப்ரேக். வண்டியில் மிதிக்கிறோமே, அது இல்லை. அதற்கு ஸ்பெல்லிங்கே வேறு, அதை மறந்துவிடுங்கள். இது உடைக்கிற ப்ரேக்.

நாங்கள் மராட்டி ஊரான தேஹு ரோட்டில் இருந்தோம். அப்பாவுக்கு ராணுவ டிப்போவில் குமாஸ்தா வேலை. டிப்போ குவார்ட்டர்ஸில்தான் நான் பிறந்தேன், வளர்ந்தேன், அடி வாங்கினேன். ஏழாம் வகுப்பில் எங்கள் இங்கிலீஷ் டீச்சர், கோவாக்காரம்மா, ஒரு நாள் போர்டு நடுவில் இந்த வார்த்தையை எழுதி வட்டம் போட்டார். ஒரு பக்கம் ஸ்நாப், கிராக், ஸ்மாஷ், ஷேட்டர், ஃப்ராக்சர் என்று எழுதினார். மறுபக்கம் ரெஸ்ட், இன்டர்வல், கேப். உபவாசத்தை முடித்தாலும் இதுவாம், வாக்குத் தவறினாலும் இதுவாம், பொழுது விடிந்தாலும் இதுவாம்.

"வேறு யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார்.

நான் கை தூக்கினேன். "டான்ஸ், மிஸ்."

கிளாஸ் சிரித்தது. அந்த வருஷம் கணபதி பந்தலில் ப்ரேக் டான்ஸ் ஆடாத பையனே கிடையாது. "ஆடிக் காட்டு" என்றார். நான் ஒரு கையில் ஆரம்பித்த அலையைத் தோள் வழியாக மறு கைக்குக் கடத்தினேன். சர்ச்சுக்குப் பக்கத்து லைனில் இருந்த என் நண்பன், துணைக்கு வருகிறேன் என்று எழுந்து அந்த அலையை என் விரலிலிருந்து வாங்கிக்கொண்டான். டீச்சர் முழுதாகப் பார்த்துவிட்டுத்தான் எங்களை வெளியே அனுப்பினார். அன்றைக்கு என்னோடு வெளியே நின்றவன் பத்தாவதிலும் என்னோடு ஃபெயிலானான், பிறகு சாகண் கம்பெனியில் என் பக்கத்து மிஷினிலும் நின்றான்.

வீட்டில் வந்து சொன்னேன். அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"வெள்ளக்காரனுக்கு வார்த்த பத்தல போல. நம்மள்ல கண்ணாடி ஒடையுது, குச்சி ஒடியுது, கவுறு அறுந்து போவுது, துணி கிழியுது, எலும்பு முறியுது. அவன் இன்னாடா, எல்லாத்துக்கும் ஒண்ணே ஒண்ண வெச்சிகினு கீறான்."

பக்கத்து வீட்டு மராட்டிக்காரம்மாளிடம் கேட்டால் அங்கேயும் அப்படித்தான். கயிறு என்றால் துட்லா, கண்ணாடி என்றால் ஃபுட்லா, நாற்காலிக் கால் என்றால் மோட்லா.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்தவர் தலை நிமிர்ந்தார்.

"சர்வீஸ்ல ப்ரேக்னு ஒண்ணு கீது. அத எழுதினாங்களா போர்டுல?"

"இல்லப்பா."

"அத மொதல்ல எழுதணும்."

அப்பாவுக்கு அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான். சர்க்கார் வேலையில் நடுவில் ஒரு துண்டு விழுந்துவிட்டால் அதற்கு முன்னால் பார்த்த வருஷமெல்லாம் காற்றோடு போய்விடும், பென்ஷனில் வராது. டிப்போவில் ஒருவருக்கு அப்படி விழுந்திருந்தது. அவர் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி, கடைசியில் ஒரு பெரிய அதிகாரியைப் பிடித்துக் கெஞ்சி அதைச் சரி செய்துகொண்டார். அதற்குப் பெயர் 'கண்டோன்' செய்வது. அதிகாரி மனது வைத்து, போகட்டும், அந்தத் துண்டு விழவே இல்லை என்று சொல்லிவிட்டால் முன்னால் இருந்த வருஷமும் பின்னால் இருந்த வருஷமும் ஒட்டிக்கொள்ளும். அப்பா அந்தக் கதையைச் சாமி கதை மாதிரி சொல்வார். ஜுரத்தோடு வேலைக்குப் போவார். முழங்கால் தண்ணீரில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போவார். ஸ்ட்ரைக் அன்று யூனியன்காரர்கள் கேட்டுக்கு வருவதற்கு முன்பே உள்ளே போய் உட்கார்ந்துவிடுவார்.

"ஒங்கப்பாவ கேட்டோட வெச்சி வெல்டிங் பண்ணிட்டாங்கடா" என்பான் நண்பன்.

நான் போசரியில் ஒரு லேத் பட்டறையில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, இரண்டாயிரத்துக்குப் பிறகு சாகண் பக்கம் கம்பெனிகள் முளைத்தபோது ஒன்றில் காண்ட்ராக்ட் ஆளாகச் சேர்ந்தேன். கார் கதவுக்குத் தகடு அடிக்கும் பிரஸ் மிஷின். நிக்டியில் கம்பெனி பஸ் ஏற்றிக்கொள்ளும். ஏழு மாதம் ஆனதும் ஒரு சாயங்காலம் சூப்பர்வைசர் வந்தார். சாத்தாராக்காரர், நல்ல மனுஷன்.

"நாளையிலிருந்து உனக்கு ப்ரேக்" என்றார் மராட்டியில்.

"எத்தனை வடாபாவ் சாப்பிடற அளவுக்கு, சாப்?"

"எவ்வளவு முடியுமோ தின்னு. நாங்கள் கூப்பிடும்போது வா."

விஷயம் இதுதான். ஒருத்தன் விடாமல் ரொம்ப நாள் வேலை பார்த்தால், என்னை பெர்மனென்ட் பண்ணு என்று சட்டப்படி கேட்கலாம். அதனால் கேட்கும் அளவுக்கு வளர்வதற்கு முன்பே நறுக்கி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கொஞ்ச வாரம் கழித்துத் திரும்பக் கூப்பிடுவார்கள், ஆனால் புது ஆளாக. புது டோக்கன், புது கார்டு. இந்த வேலையை, இந்த கேட்டை, இந்த மூஞ்சிகளை நீ இதற்கு முன் பார்த்ததே இல்லை. இதற்கு எங்கள் ஆட்களிடமே நாலைந்து பெயர் இருந்தது. சூப்பர்வைசர் நல்ல மூடில் இருந்தால் 'ஆராம்' என்பார். மராட்டிப் பையன்கள் 'சுட்டி' என்பார்கள், பள்ளிக்கூடத்து லீவு மாதிரி. லாத்தூர்ப் பையன்கள் ஊருக்குப் போய்ச் சோயாபீன் விதைத்துவிட்டு வருவார்கள், அவர்களுக்கு ப்ரேக் என்றால் மழை. எங்களுக்குப் போக ஊர் இல்லை. நானும் நண்பனும் ஸ்டேஷன் பிளாட்ஃபாரத்தில் உட்கார்ந்து லோனாவ்லா லோக்கலில் வருகிறவர்களைக் கிண்டல் செய்துகொண்டிருந்தோம்.

வீட்டில் அன்றைக்கு அப்பாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

"ப்ரேக்கா? இன்னாடா தப்பு பண்ண?"

"ஒண்ணியும் பண்ணலப்பா. எல்லாருக்கும்தான் குடுக்கறாங்க."

"எல்லாருக்கும் எப்பிடிடா குடுப்பான்? ப்ரேக் இன்னா சுண்டலா?"

அப்பா ஜோக் அடித்தார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் அடிக்கவில்லை. சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார்.

முதல் ப்ரேக் முடிந்து கூப்பிட்டார்கள், போனேன். இரண்டாவதிலும் கூப்பிட்டார்கள். காண்ட்ராக்டரின் தகரக் கொட்டகையில் வரிசையாக நிற்க வேண்டும். கம்பெனி ஆபீசர் வந்து ஒவ்வொருத்தனையும் "இதற்கு முன் இங்கே வேலை செய்திருக்கிறாயா?" என்று கேட்பார். "நஹி சார்" என்று சொல்ல வேண்டும். அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும், கொட்டகைக்கு வெளியே படுத்திருக்கும் நாய்க்கும் தெரியும். அது என் டிஃபனில் வளர்ந்த நாய். பிறகு உள்ளே கூட்டிப்போய் மிஷினைக் காட்டி டிரெய்னிங் கொடுப்பார்கள். இரண்டாம் தடவை நான் சும்மா இருக்கவில்லை.

"சார், இது என்ன மிஷின் சார்? யானை மாதிரி இருக்கே. கடிக்குமா?"

டிரெய்னிங் கொடுத்தவன் என்னிடம் வேலை பழகியவன். சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டான். நண்பன் என் இடுப்பில் கிள்ளினான். "வாய மூடுடா. வேலைக்கு ஒல வெச்சிடுவ."

மூன்றாவது ப்ரேக்கில்தான் சிரிப்பு போனது. அது நீண்டுகொண்டே போயிற்று. அதே சமயம் அப்பா ரிட்டயர் ஆகப் போகிறார். ஆனதும் சில மாதத்தில் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். ஆகுர்டியில் ஒரு வீட்டுக்காரர் இரண்டு ரூம் தருகிறேன் என்றிருந்தார், ஆனால் பையன் வேலையில் இருந்தால்தான் என்று சொல்லிவிட்டார். இல்லையென்றால் ஆற்காட்டுப் பக்கம் அத்தை வீட்டுக்குப் பின்னால் ஒரு ரூமுக்கு மூன்று பேரும் போய்விட வேண்டியதுதான். அந்த ஊரை நான் கல்யாணங்களில் மட்டும் பார்த்திருக்கிறேன். அங்கே நான் வாயைத் திறந்தால் சின்னப் பிள்ளைகள் கூடச் சிரிக்கும். நான் இந்தியில் கோபப்பட்டு, மராட்டியில் பேரம் பேசி, தமிழில் பசிக்கிறவன். அங்கே போய் என்ன செய்வது?

அந்த நாட்களில் பழைய பேப்பர் கடையில் அட்டை கிழிந்த டிக்ஷனரி ஒன்று கிடைத்தது. எடுத்து வந்து அந்த வார்த்தையைப் பார்த்தேன். பக்கம் முழுக்க அதுவேதான் ஓடியது. கிரிக்கெட்டில் பந்து திரும்புவதற்கும் இதுவாம், பையன்களுக்குக் குரல் மாறுவதற்கும் இதுவாம், ஜெயிலிலிருந்து தப்பித்து ஓடுவதற்கும் இதுவாம். இன்னொருவனுக்கு ஒரு சான்ஸ் கொடு என்பதற்கும் இதையே சொல்லலாம் என்று போட்டிருந்தது. விரலை வைத்துக்கொண்டு கடைசி வரி வரை போனேன். ஆள் இருக்கும்போதே ஆள் இல்லை என்று ஆக்குவது அதில் இல்லை. அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். புத்தகமும் கையுமாக என்னை அதற்கு முன் அவள் பார்த்ததில்லை. பயந்துபோய் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

ஒரு வழியாக ஃபோன் வந்தது. புதன்கிழமை காலையில் வா. நண்பனுக்கும் வந்திருந்தது. வீட்டில் கத்திக்கொண்டே ஓடினேன். அப்பா நிதானமாகக் கேட்டார்.

"அங்க யாருடா கம்பிடன்ட் அத்தாரிட்டி?"

"அப்பிடின்னா?"

"முடிவு பண்றவன்."

"கொட்டாயில ஒரு ஆபீசர் வருவாருப்பா. கழுத்துல கார்டு தொங்கும்."

அவ்வளவுதான் பேச்சு.

புதன்கிழமை கொட்டகையில் நல்ல வரிசை. நண்பன் எனக்கு முன்னால் நின்றான், "நஹி சார்" சொன்னான், உள்ளே போனான். அடுத்து நான். ஆபீசர் என்னைவிட ஓரிரண்டு வயது பெரியவராக இருப்பார். தசராவுக்கு முதல் நாள் பூஜையில் என் மிஷினுக்குக் குங்குமம் வைத்துவிட்டு, நான் உடைத்த தேங்காயில் சில்லு வாங்கித் தின்றவர்.

"இங்கே முன்னால் வேலை செய்திருக்கிறாயா?"

"நஹி சார்."

"பிரஸ் மிஷின் தெரியுமா?"

"கத்துக்கிறேன் சார்."

அவர் பேனாவை எடுத்தார். அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு குரல். எனக்குத் திரும்பிப் பார்க்கவே தேவையிருக்கவில்லை.

"எக்ஸ்க்யூஸ் மீ, சர்."

அப்பா. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. டமடம என்று அடிக்கும் சிக்ஸ் சீட்டர் ஆட்டோவில் நெருக்கியடித்து வந்ததில் ஒரு தோள்பட்டை மட்டும் கசங்கியிருந்தது. லீவே போடாத மனுஷன் லீவு போட்டு வந்திருக்கிறார். டிப்போ கர்னல் முன்னால் நிற்பதுபோல தன் பிள்ளை வயதிருந்த அந்த ஆபீசர் முன்னால் நின்றார்.

"சர், ஐ ஆம் ஹிஸ் ஃபாதர். மை சன் ஹாஸ் ரெண்டர்டு டூ இயர்ஸ் சர்வீஸ் இன் திஸ் கம்பெனி. நோ கம்ப்ளெய்ன்ட், சர். கைண்ட்லி கண்டோன் த ப்ரேக்."



ஆபீசர் என்னைப் பார்த்தார். இந்தியில் மெதுவாகக் கேட்டார். "அங்கிள் என்ன சொல்கிறார்?"

எந்த இடத்திலும் எனக்கு ஏதாவது ஒரு பதில் வாயில் வந்துவிடும். வாத்தியாரிடம் வந்திருக்கிறது, டிக்கெட் பரிசோதகரிடம் வந்திருக்கிறது. அன்றைக்கு வந்தது இவ்வளவுதான்.

"அது வேற கம்பெனி சார்" என்றேன். "அப்பாவுக்குச் சரியா தெரியாது."

அப்பாவுக்கு இந்தி நன்றாகத் தெரியும். தேஹு ரோட்டில் அத்தனை வருஷம்.

"நோ சர். திஸ் கம்பெனி ஒன்லி" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "இன்னாடா சொல்ற? இதே கேட்டுல உனக்கு நான் கொட குடுத்துட்டுப் போலயா, அந்த மழையில?" என்றார். அவர் வாசலில் நின்ற கேட் வாட்ச்மேனைக் காட்டினார். "ஆஸ்க் ஹிம், சர். ஹீ நோஸ்."

வாட்ச்மேன் குனிந்து தன் ஷூ லேஸைக் கட்டினான். அவன் போட்டிருந்தது செருப்பு.

வரிசையில் இருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். ஒவ்வொருத்தனும் அப்போதுதான் "நஹி சார்" சொல்லியிருந்தான், இல்லை சொல்லப் போகிறான். ஆபீசர் முகத்தில் கோபம் இல்லை, பயம் இருந்தது. இரண்டு வருஷம் தொடர்ந்து வேலை என்று ஒரு பெரியவர் இத்தனை பேர் முன்னால் சுத்தமான இங்கிலீஷில் சொல்கிறார். நாளைக்கு இவர் கோர்ட்டிலும் இதையே சொல்வார் என்று அந்த முகம் நினைத்தது எனக்குத் தெரிந்தது. பேனாவை மூடினார்.

"டீக் ஹை. கால் கரேங்கே."

கூப்பிடுகிறோம் என்றால் கூப்பிட மாட்டோம் என்று அர்த்தம். இதற்கு டிக்ஷனரி தேவையில்லை.

திரும்பும்போது சிக்ஸ் சீட்டரில் பின்பக்கம் எதிரெதிராக உட்கார்ந்திருந்தோம். இடையில் ஒரு காலிஃப்ளவர் மூட்டை. அப்பாவுக்கு முதலில் சந்தோஷம்தான்.

"சொல்ல வேண்டியவங்ககிட்ட சொல்லியாச்சி. இனிமே அவுங்க பாத்துக்குவாங்க." கொஞ்ச தூரம் போனதும், "நீ ஏன்டா இல்லன்ன?" என்றார்.

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஏன் அனுப்புகிறார்கள், ஏன் கூப்பிடுகிறார்கள், ஏன் புது டோக்கன், ஏன் "நஹி சார்". வண்டிச் சத்தத்தில் கத்திக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் என்ன பாஷை என்று பார்த்தார்கள். அப்பா மூட்டையைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அப்ப ரெண்டு வருசம் நீ எங்கடா இருந்த?"

கிண்டலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். மோஷி ஸ்டாப் வருகிறதா என்று வெளியே எட்டிப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு அவர் அந்த வார்த்தையை வீட்டில் சொல்லவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே, "நான் வந்திருக்கக் கூடாது" என்று தட்டைப் பார்த்துச் சொன்னார், ஒரே ஒரு தடவை. அம்மா, "வந்தா இன்னா? புள்ளைக்காகத்தான வந்தீங்க" என்றாள். நான் அவர்மேல் கோபப்பட்டுப் பார்த்தேன், முடியவில்லை. டிப்போவில் ஒருத்தருக்குக் கிடைத்ததைத் தன் பிள்ளைக்கும் வாங்கிக் கொடுக்கப் போனவர் அவர். கோபம் வராதது இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஃபோன் வரவில்லை. செல்லைத் தலைமாட்டில் வைத்தேன், பாத்ரூம் ஜன்னலில் வைத்தேன், கோயில் உண்டியல் பக்கத்தில் கூட வைத்துப் பார்த்தேன். மிஸ்டு கால் வந்தால் ஓடிப்போய் எடுப்பேன். பார்த்தால் நண்பன், ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் ஏறிவிட்டேன் என்று. அப்பா ரிட்டயர் ஆனார். ரோஜா மாலையோடு ஜீப்பில் கொண்டுவந்து விட்டார்கள். அம்மா அன்றைக்கே பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கினாள். நான் திரும்ப ஏற்றினேன். மறுநாள் இறக்கினாள். ஆகுர்டி வீட்டுக்காரர் இன்னும் கொஞ்ச நாள்தான் பார்ப்பேன் என்றார். பாணேர் பக்கம் கட்டடம் கட்டுகிற இடத்தில் சித்தாள் வேலை இருக்கிறது என்றார்கள், போனேன். ஆள் நிறைய நின்றது. போசரியில் பழைய பட்டறையில் லேத்தே இல்லை, விற்றுவிட்டார்கள்.

கடைசியில் சாகண் ரோட்டிலேயே இன்னொரு கம்பெனியில் பிரஸ் மிஷினுக்கு ஆள் எடுப்பதாகத் தெரிந்தது. போனேன். மேனேஜர் ஒரு தகட்டைக் கொடுத்து அடிக்கச் சொன்னார், அடித்தேன். விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"எங்கே கற்றுக்கொண்டாய்? எத்தனை வருஷம்?"

இந்தத் தடவை உண்மையைச் சொன்னேன். கம்பெனி பெயரையும் சொன்னேன்.

"நல்லது. அங்கேயிருந்து யாராவது ஒருத்தர், இவன் எங்களிடம் வேலை பார்த்தவன் என்று எனக்கு ஃபோனில் சொல்லட்டும். நாளைக்கே வந்துவிடு. சாப்பிட்டுவிட்டு வருகிறேன், அதற்குள் பேசச் சொல்."

கேட்டுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் நின்று நண்பனுக்கு இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் அடித்தேன். கட்டை விரல் வழுக்கி வழுக்கி, தப்பும் தவறுமாக. டேய், நம்ம சூப்பர்வைசர் சாத்தாராக்காரர்கிட்ட போ. இந்த மேனேஜர் நம்பருக்கு ஃபோன் போட்டு, ரெண்டு வருசம் அங்க பிரஸ்ல இருந்தான்னு ஒரு வார்த்த சொல்லச் சொல்லு. கால்ல வேணும்னாலும் வுழு. எங்க வூடே இதுலதான் நிக்குது.

அனுப்பிவிட்டு செல்லையே பார்த்துக்கொண்டு நின்றேன். மேனேஜர் கையைத் துடைத்துக்கொண்டே திரும்பி வருவது கேட் வழியாகத் தெரிந்தது. செல் அதிர்ந்தது.

"கேட்டுட்டேன்டா, அப்பிடி ஒருத்தன் இங்க வேலையே பாத்ததில்லன்றாரு."